காரணம் எழுதும் கட்டம்

சாத்தாங்காட்டில் எங்கள் யார்டுக்கு
எடைமேடை இரண்டு, கழிப்பறை ஒன்று.
அதுவும் அலுவலகத்தின் பின்பக்கம், பூட்டில்.
மூன்றாம் ஷிப்டில் பியூலா அங்கே போய்வர
மூன்றடுக்குப் பெட்டிகளைச் சுற்ற வேண்டும்,
பின்னால் பார்க்காமல் வரும் ஸ்டாக்கருக்கு ஒதுங்க வேண்டும்,
சாவிக்காக செக்யூரிட்டியை எழுப்ப வேண்டும்.
இருபத்திரண்டு நிமிடம்.
நான் கணக்குப் பார்த்ததில்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

ரிஜிஸ்டரில் கடைசிக் கட்டம்: காரணம்.
மேடை ஏன் நின்றது என்று எழுதுவதற்கு.
எட்டு வருடமாக எல்லோரும் அதில் ஒன்றையே எழுதினோம்:
சர்வர்.
டீ குடித்தால் சர்வர். கண் அசந்தால் சர்வர்.
டிரைவரோடு சண்டை என்றாலும் சர்வர்.
பாவம், வாயில்லாத சாமான்,
ஊர்ப் பழியெல்லாம் அதன் தலையில்.

ஆடி மாதம் ஒரு காலை
பள்ளிக்கூடத்து உருண்டை எழுத்தில் பார்க்கிறேன்:
‘2.10 – 2.32. மேடை மூடல். மூத்திரம் போக.’
சிரித்துவிட்டேன்.
பத்து மணிக்குள் மும்பைக்கு அனுப்ப வேண்டும்.
சர்வர் என்று அடித்தேன்.
மறுநாள்: ‘அதே. நாய் துரத்தியது.’
சர்வர்.

அன்று ஷிப்டு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல்
என் மேசைக்கு வந்து திரையைப் படித்தாள்.
“சர்வரு நல்லாத்தான் ஓடுச்சு சார்.
நாயப் பாத்து நானுந்தான் ஓடுனேன்.
இத யாரு மாத்துறது?”

கைகாட்ட ஆள் தேடினேன்.
மேனேஜர் மாற்றச் சொன்னதில்லை.
மும்பைக்கு என் பெயரே தெரியாது.
கொருக்குப்பேட்டையில் லீசு வீடு,
பையனுக்கு டிப்ளமோ ஃபீஸ்,
எல்லாம் பதில்தான்,
அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் முடியவில்லை.
அந்தச் சொல்லை மாற்றியது
என் வலது கையின் நடுவிரல், ஒரே ஒரு பட்டன்.

மறுநாள் உள்ளதை உள்ளபடி அடித்தேன்.
கை நடுங்கியது என்று எழுதினால் பெரிதாகிவிடும்.
டீ ஆறிப்போனது, அவ்வளவுதான்.

பிறகு இரண்டாம் மேடையிலிருந்து நாகூர் மீரான்:
‘மழை. கூரை ஒழுகல். கம்ப்யூட்டருக்குக் குடை பிடித்தேன்.’
புதிதாகச் சேர்ந்த தேவகிருபை
ஒரு வாரம் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு
எட்டாம் நாள் பென்சிலில்:
‘பியூலா அக்கா எழுதினதேதான்.’

வரதராஜுலு சார் கத்தவில்லை.
அடுத்த மாதம் புது ரிஜிஸ்டர் வந்தது,
நல்ல தாள், கெட்டி அட்டை.
காரணம் என்ற கட்டம் இல்லை.

எனக்கு அதோடு முடிந்தது என்று தோன்றியது.
கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பியூலா மகனின் ஜாமெட்ரி பாக்ஸோடு வந்தாள்.
ரிஃபைனரியின் தீ நாக்கு வானத்தை நக்கிக்கொண்டிருக்க,
வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே
நூறு பக்கத்துக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள்.
சில கோடுகள் கோணல்.
ஒவ்வொன்றின் தலையிலும் காரணம், காரணம், காரணம்.
எக்செல்லில் நானும் ஒரு கட்டம் சேர்த்தேன்.
யாரும் சொல்லாமல் நான் செய்த முதல் வேலை.

மாதக் கடைசியில் மும்பையிலிருந்து போன்.
கேட்டது மனிதர்களைப் பற்றி இல்லை.
“யூரின், பதினோரு மணி நேரம்.
மணலி ரோடு வரைக்கும் ட்ரெய்லர் நின்றிருக்கிறது.
யார் இந்த யூரின்?”

முதல் மேடைக்குப் பின்னால்
நீலத் தகரத்தில் ஒரு கழிப்பறை வந்தது.
திறப்பு விழா இல்லை.
தாழ்ப்பாள் வர இன்னும் இரண்டு வாரம்.
வரதராஜுலு சார் என்னோடு பேசுவதில்லை,
இன்க்ரிமென்ட் பேப்பரும் பேசவில்லை.

இன்று காலை ரிஜிஸ்டரில், கைக்கோட்டுக்கு அந்தப் பக்கம்:
‘2.10 – 2.14. மேடை மூடல். பன்னிரண்டுக்கு மேல் குழாயில் தண்ணி இல்ல.’
பத்தடிக்க ஐந்து நிமிடம்.
அப்படியே அடித்தேன்.